காவலைத் தளர்த்துங்கள், சொட்டு மருந்தில் கறாராக இருங்கள்

கேள்வி: என் அத்தைக்கு 78 வயது. ஐந்து நாள்களுக்கு முன் வலது கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். எல்லாம் நன்றாக முடிந்தது என்றார் மருத்துவர். ஆனால் அத்தையால் பேப்பர் படிக்க முடியவில்லை. ஒரு கண்ணில் சுவர் வெள்ளையாகவும் மறு கண்ணில் மஞ்சளாகவும் தெரிகிறது என்கிறார். வலது ஓரத்தில் யாரோ நிற்பதுபோல் ஒரு நிழல் தெரிவதாகச் சொல்லித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம். கை நடுக்கத்தில் பாதி கன்னத்தில் வழிகிறது. நான் விட்டாலோ கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். குனியாதீர்கள், டிவி பார்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி இருவருக்கும் பேச்சே குறைந்துவிட்டது. திங்கள்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தனியே விடலாமா? இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். "இந்த ஒன்றே போதும்" என்கிறார் அத்தை.

பதில்: கண் அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களையும் அவர்களுடன் வருகிறவர்களையும் கவனிப்பதுதான் செவிலியராக என் வேலை. எனவே உங்கள் கடிதத்தில் எது நீளமாக இருக்கிறது, எது குறுகியிருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். தடைகளுக்கு நிறையச் சக்தியைச் செலவிடுகிறீர்கள். மருந்து கன்னத்தில் வழிவதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கறாராக இருக்க வேண்டிய இடம் அதுதான். தடைகளில் பாதியை இன்றே தளர்த்திவிடலாம்.

அதற்கு முன் அந்த நிழல். அதைத்தான் நீங்கள் அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அத்தையின் மனம் தடுமாறுகிறதோ என்ற பயம் எழுத்துக்குப் பின்னால் தெரிகிறது. லென்ஸ் வைத்த கண்ணின் வெளிப்பக்க ஓரத்தில், அதாவது காதுப் பக்கமாக, பிறை வடிவில் ஒரு கருநிழல் தெரிவதாகப் பலர் சொல்வார்கள். இயற்கை லென்ஸைவிடப் புது லென்ஸ் அளவில் சிறியது. ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி அதன் விளிம்பருகே விழும் விதம் இப்படி ஒரு நிழலைக் காட்டும். வலது கண்ணுக்கு வலது ஓரம் என்பதால் யாரோ பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ மங்கி, கவனத்திலிருந்து நழுவிவிடும். "அங்கே யாரும் இல்லை அத்தை" என்று நூறு தடவை சொல்வதைவிட, "அது புது லென்ஸின் ஓர நிழல், பலருக்கும் வருவதுதான்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். தன் புத்தியைச் சந்தேகிக்கவில்லை என்று தெரிந்தாலே பாதி நிம்மதி வந்துவிடும்.

இருந்தாலும் இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். விழித்திரை பிரிந்தாலும் ஓரத்தில் நிழல் தெரியும். வேறுபாடு இப்படி இருக்கும்: லென்ஸின் நிழல் அறுவைக்கு மறுநாள் முதலே ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும். விழித்திரை பிரியும்போது வரும் நிழல் திரைச்சீலை இழுத்தாற்போல் நடுப்பார்வையை நோக்கி நகர்ந்து பெரிதாகும்; அதற்கு முன்பு மின்னல் வெட்டுவதுபோல் பளிச் பளிச்சென்று ஒளியும், திடீரென்று கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பதும் பெரும்பாலும் வரும். நான் உங்கள் அத்தையின் கண்ணைப் பார்த்தவள் இல்லை. எது என்று உறுதி சொல்ல வேண்டியவர் கண்ணைச் சோதிப்பவர்தான். இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அடுத்த பரிசோதனைவரை காத்திருக்கலாமா, உடனே வர வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.

சுவரின் நிறத்தில் எந்தக் கோளாறும் இல்லை. வயது ஏற ஏற நம் இயற்கை லென்ஸ் மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுத்துக்கொண்டே வருகிறது. இது மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. இப்போது வலது கண்ணில் தெளிந்த லென்ஸ், இடது கண்ணில் எழுபத்தெட்டு வருடப் பழைய லென்ஸ். இரண்டையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் வித்தியாசம் முகத்தில் அறையும். அத்தை பார்க்கும் அந்த வெள்ளைதான் சுவரின் உண்மையான நிறம். இந்தச் சமயத்தில் வீட்டின் ஒட்டடையும் கண்ணாடியில் தன் முகச் சுருக்கமும் ஒரே நாளில் தெரியவந்து முகம் வாடுகிறவர்களும் உண்டு. கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

பேப்பர் படிக்க முடியாததற்குக் காரணம் வேறு. வழக்கமாக வைக்கும் லென்ஸுக்கு ஒரே ஒரு குவியத் தூரம்தான். பெரும்பாலும் தூரப் பார்வைக்குப் பொருந்தும்படி அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிட்டத்தில் படிக்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். எந்த வகை லென்ஸ் வைத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டிலோ, லென்ஸுக்கென்று கொடுத்த சிறு அட்டையிலோ இருக்கும். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் படிக்க முயன்றால் அதன் வலது பக்கம் இப்போது தவறான பவர். அதனால் தலை சுற்றலாம். அறுவைக் காயம் ஆறி, பவர் நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட்டால் அது வீண் செலவாகவே முடியும். இடைக்காலத்துக்கு, படிக்க மட்டும் ஒரு ஆயத்தக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாமா, என்ன பவர் என்று மருத்துவமனையில் கேளுங்கள். படிப்பதாலோ டிவி பார்ப்பதாலோ அறுவை செய்த கண்ணுக்குக் கேடு எதுவும் இல்லை. கண் களைத்தால் அவரே நிறுத்திக்கொள்வார். டிவிக்குப் போட்ட தடையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பிறகு இத்தனை தடைகள் எங்கிருந்து வந்தன? உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னதுதானே? அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த அறுவை வேறு. முன்பெல்லாம் புரையை முழுசாக வெளியே எடுக்கக் கருவிழியின் ஓரத்தில் அரை வட்டத்துக்குக் கிட்டத்தட்ட வெட்ட வேண்டியிருந்தது. தையல் போட்டு, தலை அசையாமல் இருக்க இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் பல நாள் படுக்கவைத்த காலமும் இருந்தது. உள்ளே லென்ஸும் கிடையாது. தடித்த கண்ணாடிதான் வாழ்நாள் துணை. லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தது 1949-இல். ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைச் சார்ல்ஸ் கெல்மன் கொண்டுவந்தது 1967-இல். இன்று அந்த முறையில் போடும் வெட்டு மூன்று மில்லிமீட்டர்கூட இராது. பெரும்பாலும் தையலே இல்லாமல் தானாக மூடிக்கொள்கிறது. அறுவை மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மணல் மூட்டைக் காலத்திலேயே நிற்கிறது. உங்கள் அத்தைக்குச் சற்றுப் பெரிய வெட்டுப் போட்டிருந்தாலோ தையல் இருந்தாலோ கட்டுப்பாடு கூடும். அதை உங்கள் மருத்துவமனை எழுதிக் கொடுத்திருக்கும். அந்தத் தாளில் இல்லாத தடைகளை நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

மீதமிருப்பவை சில வாரங்களுக்கான சாதாரண எச்சரிக்கைகள். கண்ணைக் கசக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் கண்ணுக்குள் போகக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். கனமான எதையும் தூக்கக் கூடாது. கீழே விழுந்ததை ஒருமுறை குனிந்து எடுப்பதால் லென்ஸ் கழன்று விழுந்துவிடாது. தலையைத் தாழ்த்தியபடி நெடுநேரம் வேலை செய்வதைத்தான் தவிர்க்க வேண்டும். தூக்கத்தில் கை கண்ணுக்குப் போகும் என்பதால் இரவில் பிளாஸ்டிக் கவசம் கட்டாயம், வழக்கமாக முதல் வாரம் முழுக்க. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் கவலைப்படுவது விழுதலைப் பற்றி. இரண்டு கண்களும் இரண்டு விதமாகப் பார்க்கும் இந்த இடைக்காலத்தில் ஆழம், தூரம் எல்லாம் கணக்குத் தவறும். கடைசிப் படி தரை என்று தோன்றும். தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார். இரவில் ஒரு கண்ணில் கவசத்துடன் எழுந்து கழிவறைக்குப் போகும்போது இன்னும் மோசம். வழியில் ஒரு சிறு விளக்கை இரவு முழுக்க எரிய விடுங்கள். மிதியடியை, தரையில் ஓடும் மின்கம்பியை அப்புறப்படுத்துங்கள். படி விளிம்புகளில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள்.

இப்போது சொட்டு மருந்து. அறுவை அறையில் மருத்துவர் முடித்த வேலையின் மறுபாதி இதில் இருக்கிறது. பொதுவாகக் கிருமித்தொற்றைத் தடுக்க ஒன்று, உள்ளே ஏற்படும் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு ஒன்று, சிலருக்கு வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒன்று கொடுப்பார்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். கண் சிவப்பு போய்விட்டது, இனி எதற்கு என்று பாதியில் நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும். சொன்ன காலத்துக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். இரண்டும் நடக்கிறவைதான்.

கன்னத்தில் வழிவதைக் கண்டு முழுசாகக் கலங்க வேண்டியதில்லை. ஒரு சொட்டில் இருக்கும் மருந்தே கண் தாங்கும் அளவைவிட அதிகம். கொஞ்சம் வழியத்தான் செய்யும். சொட்டு கண்ணுக்குள் விழுந்த பிறகு வழிகிறதா, நேராகக் கன்னத்திலேயே விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்ததா இல்லையா என்று அத்தைக்குத் தெரியவில்லையென்றால், மருந்துப் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில், உறைந்துபோகாத தட்டில் வைக்கலாமா என்று மருந்துக் கடையில் கேளுங்கள். சில்லென்று பட்டால் உள்ளே விழுந்தது என்று அவருக்கே புரியும்.

நீங்கள் விடும்போது அவர் ஏன் இறுக மூடிக்கொள்கிறார்? பாட்டில் நேர் எதிரே முகத்தை நோக்கி வருவதைப் பார்க்கிறார், அதனால். எந்தக் கண்ணும் அப்படித்தான் செய்யும். அவரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவோ தலையணையில் படுக்கவோ வையுங்கள். நீங்கள் தலைமாட்டுப் பக்கம் நில்லுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பால்போல் கலங்கலாக உள்ள மருந்தானால் நன்றாகக் குலுக்குங்கள். உத்தரத்தில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். கன்ன எலும்பின் மேல் விரலை வைத்துக் கீழிமையை மெல்லக் கீழே இழுத்தால் ஒரு சிறு பை போலத் திறக்கும்; விழியின்மேல் அழுத்தம் படவே கூடாது. பாட்டிலைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து அந்தப் பைக்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் நுனி இமையையோ மயிரையோ தொட்டுவிடக் கூடாது. பிறகு கண்ணை மெதுவாக, தூங்குவதுபோல் மூடச் சொல்லுங்கள். இறுக மூடினால் மருந்து பிதுங்கி வெளியே வந்துவிடும். மூடியபடி ஓரிரு நிமிடம் இருக்கட்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆனால் நீங்களே எப்போதும் விட வேண்டும் என்று நினைக்காதீர்கள். தானே விடுவேன் என்ற அத்தையின் பிடிவாதம் எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறதென்றால் கை அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். பாட்டில் பிடித்த கையின் அடிப்பகுதியை நெற்றியிலோ, கீழிமையை இழுக்கும் கையின் மேலோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பெரிதும் அடங்கும். உட்கார்ந்து முடியவில்லையென்றால் படுத்துக்கொண்டு செய்யட்டும். பாட்டிலைப் பிடித்து நேராகக் குறிவைக்க உதவும் சிறு பிளாஸ்டிக் தாங்கிகளும் கிடைக்கின்றன. கண் ஈரப்பதத்துக்கான சொட்டு மருந்தை மருத்துவரின் ஒப்புதலோடு வாங்கி, அறுவை செய்யாத இடது கண்ணில் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறினால் நஷ்டமில்லை. இந்த இரண்டு மூன்று நாள்கள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வாயைத் திறக்காமல் பார்ப்பது கடினம்தான், முயலுங்கள். சொட்டு தவறினால் மட்டும் "இன்னொன்று விடுங்கள் அத்தை" என்று சொன்னால் போதும்.

மருந்துக் கணக்குக்கு ஒரு பெரிய தாளில் தடித்த எழுத்தில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டில்களின் பெயரைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்; மூடியின் நிறத்தையோ நீங்கள் சுற்றிய ஒரு ரப்பர் பேண்டையோ அடையாளமாக வையுங்கள். விட்டதும் அத்தையே பேனாவால் குறிக்கட்டும். ஸ்டீராய்டு குறையும் வாரங்களில் இந்தத் தாள் இல்லாவிட்டால் யாருக்கும் குழப்பம் வரும்.

இனி திங்கள்கிழமை. அறுவையால் வேறு சிக்கல் எதுவும் இல்லாமல், நடையில் தள்ளாட்டம் இல்லாமல், தொலைபேசியில் உங்களை அழைக்கத் தெரிந்தவராக இருந்தால், பகலில் தனியே விடலாம் என்றே சொல்வேன். நீங்கள் புறப்படும் முன் ஒரு வேளை, திரும்பியதும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என உங்கள் முன்னிலையில் அமையும். நடுவில் வருகிற வேளையை அத்தையே விட்டுக்கொண்டு உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். உங்கள் நேரத்துக்கேற்ப வேளைகளைத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

வேலைக்குப் போனாலும் காலையில் ஒன்றை மட்டும் விடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், அதே நாற்காலியில் அத்தையை உட்காரவைத்து, இடது கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எதிர்ச் சுவரின் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்றைப் போல் தெரிகிறதா, தெளிவாகத் தெரிகிறதா, மங்கியிருக்கிறதா? லேசான உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், வெள்ளை விழியில் ரத்தத் திட்டு எல்லாம் முதல் நாள்களில் இருக்கலாம். நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டிருந்தது மறுபடி கூடினால்தான் அச்சம். வலி அதிகரிப்பது, பார்வை மங்குவது, சிவப்பு ஏறுவது, இமை வீங்குவது, பூளை தள்ளுவது இவற்றில் எது வந்தாலும் கண்ணுக்குள் கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். அது மிக அரிது; வந்தால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் வரும்; சில மணி நேரத்திலேயே பார்வையைப் பறித்துவிடக்கூடும். கடும் தலைவலியும் வாந்தியும் கண் வலியும் சேர்ந்து வந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். முன்பு சொன்ன மின்னல், மிதக்கும் புள்ளிகள், திரை ஆகியவையும் இந்தக் கணக்கில்தான். அவை மாதங்கள் கழித்தும் வரலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசர எண்ணை அட்டவணைத் தாளின் மேலேயே எழுதிவையுங்கள், அத்தைக்குக் கண்ணாடி இல்லாமலேயே தெரிகிற அளவுக்கு.

இடது கண் விஷயத்தில் அவரை இப்போது வற்புறுத்தாதீர்கள். ஐந்தாம் நாளில் யாரைக் கேட்டாலும் போதும் என்றுதான் சொல்வார்கள். புரை அவசரப்படுத்துகிற நோய் இல்லை. மருத்துவர் வேறு காரணம் சொல்லாதவரை சில வாரங்கள் தள்ளிப்போவதால் பெரிய நஷ்டம் இல்லை. ஏன் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். இரண்டு கண்ணும் ஒத்துப்போகாத எரிச்சல்தான் காரணம் என்றால், இரண்டாவது அறுவைதான் அதற்கு மருந்து என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். வலித்தது, பயந்தேன் என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்களோடு நடந்த சண்டைகள் காரணம் என்றால் அதற்கான வழியை மேலே சொல்லிவிட்டேன்.

ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்: முதல் தடவையைவிட இரண்டாவது தடவை அதிகம் உணர்ந்ததாகப் பலர் சொல்வார்கள். பதற்றம் குறைவதால் கவனம் கூடுகிறது. அறுவையில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பொருளில்லை. அந்தக் கண்ணுக்கு இப்போதைய பாட்டில்களில் மிச்சம் இருக்கிறதே என்று பயன்படுத்த வேண்டாம். திறந்து நாலு வாரமான சொட்டு மருந்தைக் கொட்டிவிட்டு, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.